மரத்துப்போன நாக்குகள்

மேல் வரிசையில் கோரைப்பல்லுக்கு அடுத்த பல்லைப் பிடுங்கப் போயிருந்தேன். கன்னம் வீங்கியிருந்தது. பல் டாக்டர் இளம்பெண். சின்னக் கண்ணாடிக் குப்பியைத் தலைகீழாகப் பிடித்து, ரப்பர் மூடியில் ஊசியைக் குத்தி, இரண்டு மில்லி மருந்தை உறிஞ்சினார். ஈறில் ஊசி இறங்கும்போது ஒரு சொட்டு நாக்கில் விழுந்தது. வேப்பங்காய்க் கசப்பு. ஐந்து நிமிடம் கழித்து, "உதடு தடிச்ச மாதிரி இருக்கா சார்?" என்று கேட்டார். இருந்தது. ஆனால் பல்லைத் தொட்டதும் உயிர் போய் உயிர் வந்தது. அவர் உடனே கையை எடுத்துவிட்டார். "உள்ள சீழ் வெச்சிருக்கு சார், அதான் மருந்து சரியாப் பிடிக்கல. அஞ்சு நாள் மாத்திரை சாப்பிட்டுட்டு வாங்க."

ஐந்து நாள் கழித்து அதே நாற்காலி, அதே மருந்து, அதே கசப்பு. இந்த முறை பல் வேரோடு வந்தது. இழுப்பது தெரிந்தது, அசைப்பது தெரிந்தது, நறநறவென்ற சத்தம்கூடக் காதுக்குள் கேட்டது. வலி மட்டும் இல்லை. சீழைக் கண்டால் இந்த மருந்து ஏன் பின்வாங்குகிறது? இந்தக் கேள்வியோடு வீட்டுக்கு வந்தேன். விடை தேடிப் போன வழியில் ஆண்டீஸ் மலை, ஒரு போர்க்கப்பல், வியன்னாவின் தவளை, ஒட்டகம் தொடாத நாணல், ஸ்வீடனின் பார்லி, ஊசிக் கணவாய் எல்லாம் எதிர்ப்பட்டன. தொடக்கத்திலும் முடிவிலும் நின்றது, நம் வீட்டு வெற்றிலைப் பெட்டியில் இருக்கும் சுண்ணாம்பு.

முதலில் பெயர். குப்பியின் மேல் அச்சிட்டிருப்பது லிக்னோகெய்ன். டாக்டர்களின் வாயில் சைலோகெய்ன். அமெரிக்கர்களுக்கு லிடோகெய்ன். மூன்றும் ஒரே மருந்துதான். 'சைலோ' என்பதற்குக் கிரேக்கத்தில் மரம் என்று பொருள். 'லிக்னோ' லத்தீன் மரம். இந்த மருந்தின் மூலப்பொருள் சைலீன் குடும்பத்தைச் சேர்ந்தது. அந்த சைலீன் 1850-இல் மரத்தைக் காய்ச்சி வடித்த திரவத்தில் முதலில் கண்டெடுக்கப்பட்டதால் மரத்தின் பெயரே அதற்கு நிலைத்தது. உணர்வு போனால் நாம் தமிழில் 'மரத்துப்போச்சு' என்கிறோம். கிரேக்கமும் லத்தீனும் தமிழும் பேசிவைத்துக்கொள்ளாமல் ஒரே மரத்தடியில் வந்து நிற்கின்றன. பெயரின் வால் மட்டும் வேறு ஊர். 'கெய்ன்' என்ற அந்த ஒட்டு ஒரு தென் அமெரிக்க இலையிலிருந்து வந்தது. இந்த மருந்தில் அந்த இலை துளியும் இல்லை. ஆனாலும் கதை அங்கேதான் தொடங்குகிறது.

பெருவின் வடபகுதியில், நான்சோக் பள்ளத்தாக்கில் ஆய்வாளர்கள் பழைய குடியிருப்புகளைத் தோண்டியபோது, மென்று துப்பிய கோக்கா இலைத் துணுக்குகள் கிடைத்தன. வயது ஏறத்தாழ 8,000 ஆண்டுகள். பக்கத்திலேயே சுண்ணாம்புக் கல்லும் இருந்தது. ஆண்டீஸ் மலைவாசிகள் இலையைக் கன்னத்தில் அதக்கிக்கொண்டு, சுட்ட சிப்பியின் தூளையோ தாவரச் சாம்பலையோ கொஞ்சம் சேர்த்துக்கொள்வார்கள். வெற்றிலை போடுபவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சுண்ணாம்பு தடவாத வெற்றிலை வெறும் இலைதான். கோக்காவும் அப்படியே. இலைக்குள் அமிலத்தோடு ஒட்டிக்கிடக்கும் சத்தைச் சுண்ணாம்பின் காரம் பிரித்து விடுவிக்கிறது. விடுபட்டது கன்னத்தின் சவ்வுக்குள் ஊறிப்போகிறது. களைப்பும் பசியும் அடங்குகின்றன. நாக்கும் கன்னமும் மரக்கின்றன. வேதியியல் என்ற சொல்லே பிறக்காத காலத்தில் யாரோ ஒரு மலைவாசி கண்டுபிடித்த இந்தச் சூட்சுமத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இதைத்தான் திரும்ப எடுக்கப்போகிறோம்.

16-ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர்கள் வந்தார்கள். பாதிரியார்கள் கோக்காவைப் பேய் வழிபாட்டின் இலை என்று எதிர்த்தார்கள். ஆனால் 1545-இல் பொட்டோசி மலையில் வெள்ளி கிடைத்தது. அந்த உயரத்தில், அந்தக் குளிரில், சுரங்கத்துக்குள் இறக்கப்பட்ட மலைவாசிகள் இலை இல்லாமல் வேலை செய்ய முடியாது என்று தெரிந்ததும் எதிர்ப்பு தணிந்தது. வியாபாரமும் வரியும் வளர்ந்தன. வெள்ளி ஐரோப்பாவுக்குக் கப்பல் கப்பலாகப் போயிற்று. இலை மட்டும் போகவில்லை. நீண்ட கடல் பயணத்தில் ஈரம்பட்டு வீரியம் போய்விடும். புகையிலையும் கொக்கோவும் உருளைக்கிழங்கும் உலகம் சுற்றிவந்தபோது கோக்கா முந்நூறு ஆண்டுகள் மலையிலேயே தங்கிப்போனதற்கு அது ஒரு காரணம்.

அதை இறக்கிக் கொண்டுவந்தது ஒரு போர்க்கப்பலின் பயணம். 1857 ஏப்ரலில் ஆஸ்திரியாவின் 'நோவாரா' திரியெஸ்த் துறைமுகத்திலிருந்து உலகைச் சுற்றக் கிளம்பியது. கப்பலில் விஞ்ஞானிகளும் இருந்தார்கள். 1858-இன் தொடக்கத்தில் இலங்கையின் காலித் துறைமுகத்தில் நின்றது, பிறகு சென்னையில் நங்கூரமிட்டது, நிக்கோபாருக்குப் போனது. நம் கரையைத் தொட்டுப்போன அந்தப் பயணத்தில் இருந்த கார்ல் ஷெர்ட்ஸர் என்ற ஆய்வாளர் தென் அமெரிக்காவில் கோக்கா இலைகளைத் திரட்டினார். ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் வேதியியல் பேராசிரியர் வோலர் அவற்றுக்காகக் காத்திருந்தார். இலைகள் வந்ததும் தன் மாணவர் ஆல்பர்ட் நீமானிடம் கொடுத்தார். நீமான் வெள்ளைப் படிகத்தைப் பிரித்தெடுத்து 'கோக்கெய்ன்' என்று பெயரிட்டார். 1860-இல் வந்த ஆய்வேட்டில் ஒரு குறிப்பும் எழுதினார்: கசக்கிறது, எச்சில் ஊறுகிறது, நாக்கு மரக்கிறது. அடுத்த ஆண்டே அவர் இறந்துபோனார். வயது 26.

அந்தக் குறிப்பு 24 ஆண்டுகள் புத்தகத்திலேயே உறங்கியது. அந்த ஆண்டுகளில் அறுவைக்கு இருந்த வழி ஈத்தரும் குளோரோஃபார்மும். ஆளையே மயக்க வேண்டும். விழித்ததும் வாந்தி. கண்ணில் கத்தி வைக்கும் டாக்டருக்கு இது பெரும் தொல்லை. வாந்தியில் குமட்டும் நோயாளியின் கண்ணில் புதிதாக இட்ட அறுவைக் காயம் என்னவாகும்? வியன்னா பொது மருத்துவமனையில் கார்ல் கோலர் என்ற இளம் டாக்டர் இதையே நினைத்துக்கொண்டிருந்தார். மார்ஃபின், புரோமைடு என்று எதை எதையோ சொட்டு மருந்தாகப் போட்டுப் பார்த்துத் தோற்றிருந்தார். அதே மருத்துவமனையில் அவருடைய நண்பர் ஒருவர் கோக்கெய்ன்மேல் பித்தாக இருந்தார். பின்னாளில் மனத்தின் ஆழத்தை ஆராய்ந்த சிக்மண்ட் ஃப்ராய்ட்தான் அவர். களைப்புக்கும் மனச்சோர்வுக்கும் இதுவே மருந்து என்று 1884-இல் கட்டுரை எழுதிவிட்டு, தனக்கு நிச்சயமான பெண்ணைப் பார்க்க ஊருக்குப் போனார்.

அந்த இடைவெளியில் நடந்தது இது. சக டாக்டர் ஒருவர் பேனாக்கத்தி நுனியில் கொஞ்சம் கோக்கெய்னை எடுத்து நாக்கில் வைத்துவிட்டு, நாக்கு மரக்கிறதே என்றார். ஆமாம், சாப்பிட்ட எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கிறது என்றார் கோலர். சொன்ன அந்தக் கணத்தில்தான் அவருக்கே உறைத்தது. நேராக ஆய்வுக்கூடத்துக்குப் போனார். கரைசலைத் தவளையின் ஒரு கண்ணில் விட்டார். ஒரு நிமிடம் கழித்து ஊசியால் தொட்டார். தவளை அசையவில்லை. மறு கண்ணைத் தொட்டதும் துள்ளியது. அடுத்து முயல், நாய். பிறகு கோலரும் உடனிருந்தவரும் தங்கள் கண்களிலேயே விட்டுக்கொண்டு, கண்ணாடி முன் நின்று குண்டூசித் தலையால் கருவிழியைத் தொட்டுப் பார்த்தார்கள். ஒன்றும் தெரியவில்லை.

1884 செப்டம்பர் 15 அன்று ஹைடல்பெர்க்கில் கண் மருத்துவர் மாநாடு. போய்வரக் கோலரிடம் காசில்லை. அவர் எழுதிய தாளை வேறொரு டாக்டர் மேடையில் படித்தார். படித்தவரின் ஊர் திரியெஸ்த், நோவாரா கிளம்பிய அதே துறைமுகம். சில வாரங்களில் செய்தி அட்லாண்டிக்கைக் கடந்தது. ஃப்ராய்ட் நண்பருக்கு வைத்த செல்லப்பெயர் 'கோக்கா கோலர்'.

இனி வியாபாரிகளின் காலம். அதற்கு முன்பே, 1863-இல், பாரிஸில் ஆஞ்சலோ மரியானி கோக்கா இலையை ஒயினில் ஊறவைத்து விற்கத் தொடங்கியிருந்தார். அந்த வகை ஒயினைத் தானும் தயாரித்து விற்ற அட்லாண்டாவின் ஜான் பெம்பர்ட்டன் 1886-இல் ஒயினைக் கழித்துவிட்டுக் காய்ச்சிய பாகுதான் கோக்கா கோலா. லண்டனின் கியூ தோட்டம் கோக்காச் செடியை இலங்கையின் பேராதனைக்கு அனுப்பியது. டச்சுக்காரர்கள் ஜாவாவில் தோட்டமே போட்டார்கள். 1900-இல் ஆம்ஸ்டர்டாமில் கோக்கெய்னுக்கென்றே ஓர் ஆலை எழுந்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தாவிலும் பம்பாயிலும் கோக்கெய்ன் தூளை வெற்றிலைக்குள் மடித்து மெல்லும் பழக்கம் பரவியது. கூடவே சுண்ணாம்பு. கோட்டிங்கன் கண்ணாடிக் குடுவையில் இலையை விட்டுப் பிரிந்த பொருள், யாரும் திட்டமிடாமல், இந்தியாவில் வேறோர் இலையோடும் அதே சுண்ணாம்போடும் மறுபடி சேர்ந்துகொண்டது.

இந்த வேகத்துக்கு மனிதர்கள் விலை கொடுத்தார்கள். நியூயார்க்கில் வில்லியம் ஹால்ஸ்டெட்டும் அவருடைய சகாக்களும் கோலரின் செய்தி வந்த சில மாதங்களுக்குள் கோக்கெய்னை ஊசியில் ஏற்றி நரம்பின் அருகே செலுத்திப் பார்த்தார்கள். கீழ்த்தாடை நரம்பை மரக்கவைத்துப் பல் பிடுங்கும் முறை அப்படிப் பிறந்தது. பரிசோதனைக்கு அவர்கள் பயன்படுத்தியது தங்கள் உடம்புகளையே. பலர் அடிமையானார்கள். கோக்கெய்னிலிருந்து மீள மார்ஃபின் கொடுக்கப்பட்டது. ஹால்ஸ்டெட் அந்தப் பிடியிலும் சிக்கினார். அறுவை அறையில் ரப்பர் கையுறையைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தவரும், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் முதல் தலைமை அறுவை நிபுணரும் அவர்தான். அவ்வளவு பெரிய கைகளையும் அந்த மருந்து விடவில்லை.

1898-இல் ஜெர்மனியின் கீல் நகரில் ஆகஸ்ட் பியர் முதுகுத்தண்டில் கோக்கெய்ன் செலுத்தினார். நோயாளியிடம் பலித்ததைத் தன் மேலேயே சோதிக்க விரும்பினார். ஊசியும் குழலும் பொருந்தாமல் முதுகிலிருந்து திரவம் ஒழுகியது. உதவியாளர் ஹில்டெப்ராண்ட் தன் முதுகைக் காட்டினார். பியர் அவருடைய தொடையில் குத்தினார், சுருட்டால் சுட்டார், முழங்காலுக்குக் கீழே இரும்புச் சுத்தியலால் அடித்தார். வலியே இல்லை. இரவு இருவரும் ஒயின் குடித்துக் கொண்டாடினார்கள். மறுநாள் இருவருக்கும் வந்த தலைவலி நாள்கணக்கில் நீடித்தது. இன்று சிசேரியனுக்கு முன் முதுகில் ஊசி போடும்போது, பிறகு தலைவலி வரலாம் என்று டாக்டர் சொல்லும் எச்சரிக்கையின் முதல் பதிவு அதுதான்.

கோக்கெய்ன் மரக்கவைக்கிறது; அடிமையாக்குகிறது; இதயத்தையும் தாக்குகிறது. முதல் குணம் மட்டும் போதும், மற்ற இரண்டும் வேண்டாம். வேதியியலாளர்களின் வேட்டை இதற்காகத் தொடங்கியது. மியூனிக்கில் ஆல்ஃபிரட் ஐன்ஹார்ன் 1904-இல் புரோக்கெய்னைச் செய்தார். ஹெக்ஸ்ட் நிறுவனம் அதை 'நோவோகெய்ன்' என்று விற்றது. 'நோவோ' என்றால் புதியது. ஆபத்து குறைவு, ஆனால் சீக்கிரம் கலைந்துவிடும். அதைப் பிடித்துவைக்க உதவியது ஒரு ஜப்பானியரின் கண்டுபிடிப்பு. சிறுநீரகத்தின் தலைமேல் தொப்பிபோல இருக்கும் சுரப்பியிலிருந்து, நியூயார்க்கில் இருந்த ஜோகிச்சி தகாமினே 1901-இல் அட்ரினலினைப் படிகமாக எடுத்திருந்தார். இரத்தக் குழாயைச் சுருக்கும் பொருள் அது. மருந்தோடு ஓரிரு துளி சேர்த்தால், இரத்தம் மருந்தை அடித்துக்கொண்டு போகாது என்று ஜெர்மானிய அறுவை நிபுணர் ஹைன்ரிக் பிரவுன் காட்டினார். இன்றைக்கும் பல் மருத்துவக் குப்பியில் 80,000-இல் ஒரு பங்கு அட்ரினலின் இருக்கிறது. ஊசி போட்டதும் சிலருக்கு நெஞ்சு படபடப்பது பயத்தால் மட்டும் வருவதில்லை.

முதல் உலகப்போரின்போது ஹார்வி குக் என்ற அமெரிக்க ராணுவ டாக்டர், துப்பாக்கித் தோட்டாவைப் பார்த்து, மருந்தையும் இப்படி அளவாக அடைத்தால் என்ன என்று யோசித்தார். கண்ணாடிக் குழாயை வெட்டி, பென்சில் அழிக்கும் ரப்பரால் அடைத்தார். பல் மருத்துவர் உலோகப் பீச்சாங்குழலுக்குள் செருகும் மருந்துக் குழலின் பிறப்பு அது.

அடுத்த தாவல் ஒரு நாணலில் தொடங்கியது. மத்திய ஆசியாவில் ஒட்டகங்கள் முகம் திருப்பிக்கொள்ளும் ஒரு நாணலிலிருந்து 1930-களில் சோவியத் வேதியியலாளர்கள் ஒரு காரப்பொருளைப் பிரித்தார்கள். அதே சமயத்தில் ஸ்டாக்ஹோமில், நோபல் பரிசு பெற்ற ஹான்ஸ் ஃபான் ஆய்லர், பச்சையம் குறைந்த பார்லிப் பயிரை ஆராய்ந்துகொண்டிருந்தார். அதில் அவர் கண்ட பொருளும் இதுவேதான். 'கிராமின்' என்று பெயர். அதன் அமைப்பை உறுதி செய்யும் வேலை ஹோல்கர் எர்ட்மான் என்ற இளைஞரிடம் வந்தது. அவர் ஆய்வுக்கூடத்தில் அதைச் செய்து பார்த்தபோது, ஓர் அணுக்கூட்டம் இடம் மாறி அமைந்துவிட்டது. கிடைத்தது கிராமின் இல்லை, அதன் தப்பிப் பிறந்த இரட்டை. வேதியியலாளர்களிடம் அந்தக் காலத்தில் ஒரு பழக்கம் இருந்தது: செய்ததை நாக்கில் வைத்துப் பார்ப்பது. எர்ட்மான் வைத்தார். நாக்கு மரத்தது. உண்மையான கிராமினுக்கு அந்தக் குணம் இல்லை. பிழைக்குத்தான் இருந்தது.

ஆண்டீஸ் மலைவாசி, நீமான், வியன்னாவின் பேனாக்கத்தி டாக்டர், இப்போது எர்ட்மான். இந்த மருந்தின் வரலாற்றில் கதவைத் திறந்தது ஒவ்வொரு முறையும் ஒரு நாக்குதான்.

எர்ட்மானும் மாணவர் நீல்ஸ் லோஃப்கிரனும் அந்தச் சாயலில் பல பொருள்களைச் செய்தார்கள். எதுவும் நோவோகெய்னை மிஞ்சவில்லை. எர்ட்மான் விலகினார். லோஃப்கிரன் விடவில்லை. 1940-களின் தொடக்கத்தில் சைலிடினிலிருந்து ஒன்றைச் செய்தார். பெங்ட் லுண்ட்குவிஸ்ட் என்ற மாணவர் அதைச் சோதிக்க முன்வந்தார். மயக்க மருத்துவப் புத்தகம் ஒன்றை இரவல் வாங்கி, அதில் உள்ளபடி தன் விரல்களிலேயே ஊசி போட்டு, எத்தனை நிமிடம் மரக்கிறது என்று கணக்கெடுத்தார். இருவர் பெயரின் முதலெழுத்தையும் சேர்த்து அந்தப் பொருளுக்கு 'எல்எல் 30' என்று குறியிட்டார்கள். 1943-இல் காப்புரிமை கேட்டார்கள். வாங்கியது அஸ்த்ரா என்ற ஸ்வீடன் நிறுவனம். டாக்டர் டார்ஸ்டென் கோர்த் நோயாளிகளிடம் சோதித்தார். 1948-இல் 'சைலோகெய்ன்' சந்தைக்கு வந்தது. நோவோகெய்னைவிட வேகம், ஆழம், நீடிப்பு எல்லாம் அதிகம். நோவோகெய்ன் உடம்பில் உடையும்போது உண்டாகும் பொருள் சிலருக்கு ஒவ்வாமை தரும். இதில் அது இல்லை. லுண்ட்குவிஸ்ட் இளம் வயதிலேயே இறந்துவிட்டார். அஸ்த்ரா வளர்ந்து 1999-இல் செனகாவோடு சேர்ந்தது. கொரோனாக் காலத்தில் கோவிஷீல்டு போட்டுக்கொண்ட நாம் கேட்ட அதே அஸ்த்ராசெனகா.

மருந்து வந்துவிட்டது, எப்படி வேலை செய்கிறது என்று யாருக்கும் தெரியாது. விடை கடலில் இருந்தது. ஊசிக் கணவாயின் உடம்பில் ஒரு நரம்பிழை கண்ணுக்குத் தெரியும் அளவு தடிமனானது. அதில் மின்கம்பியைச் செருகி, ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற இரு பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் 1952-இல் நரம்பின் மொழியைப் படித்தார்கள். நரம்பின் சுவர் நெடுகச் சின்னச் சின்ன வாசல்கள். ஒரு வாசல் திறந்ததும் சோடியம் உள்ளே பாய்கிறது; அந்த அதிர்வில் அடுத்த வாசல் திறக்கிறது. இப்படித்தான் பல்லின் வலி மூளைக்கு ஓடுகிறது. பிறகு தோஷியோ நரஹாஷியும் சகாக்களும் அதே கணவாய் நரம்பைக் கொண்டு, மருந்து வாசலை வெளியிலிருந்து அடைப்பதில்லை என்று காட்டினார்கள். அது உள்ளே போய்த் தாழ்ப்பாள் போடுகிறது.

உள்ளே போவதுதான் பாடு. நரம்பின் சுவர் கொழுப்பால் ஆனது. மின்னூட்டம் ஏறிய மருந்துத் துகள் அதில் நுழையாது, எண்ணெயில் தண்ணீர்போல. மின்னூட்டம் இல்லாத துகள் வழுக்கிக்கொண்டு நுழைந்துவிடும். நுழைந்த பிறகு மின்னூட்டம் ஏற்றுக்கொண்டு வாசலை அடைக்கும். நம் உடம்பின் இயல்பான காரநிலையில் லிக்னோகெய்னில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு நுழையும் வடிவில் இருக்கிறது. அது போதும். ஆனால் சீழ் பிடித்த இடம் புளித்துப்போன இடம், அமிலம் மிகுந்தது. அங்கே மருந்தின் பெரும்பகுதி மின்னூட்டத்தோடு வாசலுக்கு வெளியே நின்றுவிடுகிறது. வீக்கத்தில் பெருகும் இரத்தம் மருந்தை அள்ளிக்கொண்டும் போகிறது. புண்பட்ட நரம்பு தொட்டாலே சினக்கும் நிலையிலும் இருக்கிறது. ஐந்து நாள் மாத்திரை என் ஈறின் புளிப்பைத் தணித்தது; மருந்து உள்ளே போனது. இலைக்குள் அமிலத்தோடு ஒட்டிக்கிடந்ததைச் சுண்ணாம்பால் விடுவித்த அந்த மலைவாசியின் கணக்கும் இந்தக் கணக்கும் ஒன்றே.

வெற்றி பெற்ற மருந்துக்குச் சாயல்கள் பெருகாமல் இருக்குமா? 1957-இல் ஸ்வீடனிலேயே மெபிவகெய்னும் புபிவகெய்னும் பிறந்தன. செய்தது, பீரங்கி என்றதும் நம் நினைவுக்கு வரும் அதே போஃபோர்ஸ் நிறுவனம். சிசேரியனுக்கு முதுகில் போடும் ஊசியில் பெரும்பாலும் இருப்பது அந்தப் புபிவகெய்ன்தான். லிக்னோகெய்னையும் அதன் தம்பி பிரிலோகெய்னையும் சரிபாதி கலந்தபோது இன்னொரு அதிசயம்: தனித்தனியே படிகமாக இருந்த இரண்டும் சேர்ந்ததும் அறை வெப்பத்தில் எண்ணெயாக உருகின. அந்த எண்ணெயைக் களிம்பாக்கித் தோலில் தடவி ஒரு மணி நேரம் மூடிவைத்தால், குழந்தைக்கு ஊசி போடுவது தெரியாது. தாறுமாறாகத் துடிக்கும் இதயத்துக்கும் லிக்னோகெய்ன் மருந்தானது. அங்கேயும் அடைப்பது அதே சோடியம் வாசலைத்தான்.

நம் ஊரில் அது செய்யாத வேலை குறைவு. அரிவாள் வெட்டுக்குத் தையல் போடும் முன், தேள் கொட்டித் துடித்து வருபவரின் விரலில், ஆணிக்காலை அறுக்கும்போது, எங்கும் அந்தக் குப்பிதான். 1976-இல் மதுரையில் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கிராமத்துக் கண் முகாம்களிலிருந்து பேருந்தில் வந்திறங்கும் பாட்டிகளும் தாத்தாக்களும் கண்புரை அறுவைக்கு முழு மயக்கம் இல்லாமல், விழித்தபடியே படுக்க முடிகிறது. கண்ணை மட்டும் மரக்கவைத்தால் போதும். ஒரு தவளைக் கண்ணில் கோலர் விட்ட சொட்டின் நேர் வாரிசுகள் இவர்கள்.

அளவு மீறினால் இந்த மருந்தும் நஞ்சுதான். வாயைச் சுற்றிச் சிலிர்ப்பு, காதில் ரீங்காரம், பிறகு வலிப்பு, கடைசியில் இதயம். அதனால்தான் டாக்டர் எடையைப் பார்க்கிறார், ஊசியைச் செலுத்தும் முன் பின்னிழுத்து இரத்தம் வருகிறதா என்று பார்க்கிறார். இதற்கு மாற்று கிடைத்ததும் எதிர்பாராத இடத்தில். வாயால் சாப்பிட முடியாதவர்களுக்கு இரத்தக் குழாய் வழியே கொழுப்பு ஊட்ட, ஸ்வீடனின் ஆர்விட் ரெட்லிண்ட் சோயா எண்ணெயில் பால்போன்ற ஒரு கரைசல் செய்திருந்தார். 1998-இல் அமெரிக்காவில் கை வைன்பெர்க், அந்தப் பால் எலிகளை புபிவகெய்ன் நஞ்சிலிருந்து காப்பாற்றுவதைக் கண்டார். 2006-இல் ஒரு மனிதரின் நின்றுபோன இதயத்தை அது மீட்டது. கொழுப்பை நாடிப் போகும் மருந்தைப் பிடிக்கக் கொழுப்பையே வலையாக விரிக்கும் வைத்தியம். மருந்தும் ஸ்வீடன், மாற்றும் ஸ்வீடன்.

கடைசியாக, நம் சுண்ணாம்பு. குப்பியில் கெட்டுப்போகாமல் இருக்க லிக்னோகெய்னை அமில உப்பாக அடைக்கிறார்கள். ஊசி இறங்கும்போது சுரீரென்று எரிவதற்கு அந்தப் புளிப்பு ஒரு காரணம். சில டாக்டர்கள் ஊசி போடும் முன், பீச்சாங்குழலிலேயே கொஞ்சம் சோடியம் பைகார்பனேட் கரைசலைச் சேர்க்கிறார்கள். சமையலறைச் சோடா உப்பின் அதே சரக்கு. புளிப்பு தணிகிறது, எரிச்சல் குறைகிறது, மருந்து சீக்கிரம் நரம்புக்குள் ஏறுகிறது. இலைச் சுருளோடு சுண்ணாம்பு சேர்த்தவரும், பீச்சாங்குழலில் சோடா உப்பு சேர்ப்பவரும், நடுவில் 8,000 ஆண்டுகள் இருந்தும், ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள்.

ஊசி போட்டும் வலித்தால் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்காதீர்கள். வாய் திறந்து சொல்லுங்கள். அது உங்கள் கோழைத்தனம் இல்லை, உங்கள் ஈறின் புளிப்பு. முதல் நாள் நான் துடித்தபோது, "கொஞ்சம் பொறுத்துக்குங்க சார்" என்று அந்த டாக்டர் சொல்லியிருக்கலாம். இன்னும் ஐந்து நிமிடத்தில் பல்லை எடுத்தும் இருக்கலாம். அவர் கையை எடுத்தார். தவளையின் மறு கண் துள்ளியதைக் கோலர் நம்பினார், தன் நாக்கு மரத்ததை எர்ட்மான் நம்பினார், நான் முகம் சுளித்ததை அவர் நம்பினார். இந்த மருந்து இவ்வளவு தூரம் வந்து சேர்ந்தது அப்படிப்பட்டவர்களின் கைகளில்தான்.